வாகனங்களை எண்ணினால் போதுமா? ஊட்டியின் தண்ணீரும் கழிவுநீரும்

உதகமண்டலம் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. சீசன் நாட்களில் அன்றாடம் ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாக அந்த வழக்கில் தெரிவிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு கோடைக்கு, வேலைநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இவை தேவையான நடவடிக்கைகளே. ஆயினும், மலைச்சரிவில் எழும் விடுதிகளுக்குக் கழிவுநீர் அமைப்பை வடிவமைக்கும் பொறியாளன் என்ற முறையில் என் கவலை வேறு. வந்த வண்டிகள் இறங்கிவிடுகின்றன. வந்தவர்கள் பயன்படுத்திய தண்ணீர் மலையிலேயே விடப்படுகிறது.

ஊட்டியின் குடிநீருக்குப் பார்சன்ஸ் வேலி அணையே முதன்மை ஆதாரம்; மார்லிமந்து, டைகர் ஹில் போன்ற சிறு நீர்த்தேக்கங்கள் துணை. சோலைகளும் புல்வெளிகளும் மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் மெல்லக் கசியவிட்ட நிலப்பரப்பில் பெரும்பகுதி, கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸுக்கும், சீகை எனப்படும் வாட்டில் மரத்துக்கும், தேயிலைக்கும் எப்போதோ கைமாறிவிட்டது. நீர்வரத்து குறையும் ஏப்ரல், மே மாதங்களில்தான் மலர்க் கண்காட்சிக் கூட்டமும் வந்து சேர்கிறது. வீடுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், விடுதிகளில் படுக்கைக்கு 180 லிட்டர், ஐந்து நட்சத்திர விடுதியானால் 320 லிட்டர் என்பது இந்தியத் தர விதிகளின் கணக்கு. அதன்படி, 50 படுக்கைகள் உள்ள சாதாரண லாட்ஜ் நிரம்பிய நாளில் 9,000 லிட்டர் கேட்கும். குழாயில் வராததை லாரியில் வாங்குகிறார்கள். அந்த லாரி யாருடைய கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்று பெரும்பாலும் எவரும் விசாரிப்பதில்லை.

அந்த 9,000 லிட்டரில் பெரும்பங்கு கழிவுநீராகிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத சரிவுகளில் செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும்தான் கதி. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகவே வேலை செய்யும் என்பதால், சமவெளிக்குப் போடும் அளவு இங்கே செல்லாது. தொட்டிக்குள் ஒரு நாளாவது நிற்க வேண்டிய கழிவு, கூட்டம் இரட்டித்தால் அரை நாளில் வெளியேறி, கசடோடு உறிஞ்சுகுழியை அடைத்து, சரிவில் வழிந்து கீழ்வீட்டுக்காரரின் ஊற்றில் கலக்கிறது. ஊருக்குள் ஓடும் கோடப்பமந்து கால்வாய் சேர்த்துக்கொண்டு வருவதெல்லாம், சுற்றுலாப் பயணிகள் படகு விடும் ஏரிக்கே போகிறது. செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் பிடிக்கும் அக்கறையில் பாதியேனும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கழிவின்மீது இருந்திருக்கலாம்.

உறிஞ்சுகுழி இன்னொரு வகையிலும் ஆபத்தானது. ஓயாமல் கசியும் நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. அதே சரிவின் அடிவாரத்தை வாகன நிறுத்தத்துக்காக வெட்டியிருந்தால், தடுப்புச் சுவர் தாங்க வேண்டிய பாரம் கூடுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குக் கனமழையே காரணம் என்றாலும், நீர் வடியும் வழியை மறித்துக் கட்டிய சரிவுகள் அத்தகைய மழையை எப்படித் தாங்கும் என்பதைத் திட்ட நிலையிலேயே கேட்டாக வேண்டும்.

விதிகள் இல்லாமல் இல்லை. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. கட்டடத்தின் உயரத்துக்கும் வரம்பு உண்டு. ஆனால் இவை கட்டடத்தை அளக்கின்றன, அதில் தங்குவோரை அளப்பதில்லை. குடும்ப வீடாக அனுமதி பெற்றது ஹோம்ஸ்டே ஆகிறது. அறைக்கு இரண்டு ‘எக்ஸ்ட்ரா பெட்’ சேர்கின்றன. தொட்டி மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

இ-பாஸ் பதிவிலேயே எத்தனை பேர், எத்தனை நாள் என்ற விவரங்கள் கேட்கப்படுகின்றன. அவற்றை அணையின் நீர்மட்டத்தோடு வாரந்தோறும் ஒப்பிட்டு, அனுமதிக்கும் இரவுகளின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது நடைமுறையில் இயலாத காரியம் அன்று. விடுதி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, தொட்டியின் கொள்ளளவுக்கும் அதைக் கடைசியாகச் சுத்தம் செய்ததற்கும் சான்று கேட்கலாம்.

என்னிடம் வரைபடத்தோடு வரும் உரிமையாளர்களிடம் நான் வலியுறுத்துபவை சில: எக்ஸ்ட்ரா பெட்டையும் சேர்த்து மே மாதக் கூட்டத்துக்குத் தொட்டியைக் கணக்கிட வேண்டும், குளியல் நீரைத் தனிக்குழாயில் பிரித்துச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்ப வேண்டும், வெட்டிய சரிவுக்கு மேலே உறிஞ்சுகுழி கூடவே கூடாது. செலவு கூடுகிறதே என்பார்கள். கட்டி முடித்த விடுதியின் கீழே சரிவைத் தோண்டிக் குழாயை மாற்றுவதற்கு ஆகும் செலவை அப்போதே எழுதிக் காட்டிவிடுவது என் வழக்கம்.