மட்கை அப்படியே வளர்ப்புப் பையில் கொட்டாதீர்கள்

மண்ணில்லாச் சாகுபடியில் இறங்கியவர்கள் ஆலோசனை கேட்டு அனுப்பும் படங்களில் அண்மைக் காலமாக ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது: இலை விளிம்புகள் கருகி, வளர்ச்சி நின்றுபோன தக்காளிச் செடிகள். மண்ணுக்குப் பதிலாகப் பையில் நிரப்பிய ஊடகம் எது என்று கேட்டால், "எங்கள் பண்ணைக் கழிவிலேயே தயாரித்த மட்கு, நன்றாகக் கறுத்துவிட்டது" என்கிறார்கள். ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) அளந்தீர்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வருவதில்லை.

பண்ணைக் கழிவை ஊடகமாக்குவதில் எனக்கு மறுப்பில்லை; சதுப்புநிலங்களை வெட்டி எடுக்கும் பீட் என்ற பாதி மட்கிய தாவரப் பொருளைவிட அது மேலானது என்றே கருதுகிறேன். என்னைச் சலிப்படைய வைப்பது, நிலத்துக்கு உகந்தது பைக்கும் உகந்ததாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. ஒரு எக்டேர் நிலத்தின் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 2,000 டன் எடை இருக்கும். அதில் 10 டன் தொழு உரம் இட்டால் அது மண்ணில் 200-இல் ஒரு பங்குதான். அந்த உரத்தில் உப்பு மிகுந்திருந்தாலும், அது அரைகுறையாக மட்கியிருந்தாலும் மண் பொறுத்துக்கொள்ளும். மழை உப்பைக் கீழே இறக்கிவிடும். வேர் விலகி வளரவும் இடமுண்டு. அதையே 10 லிட்டர் பையில் நிரப்பினால் வேரைச் சுற்றி இருப்பது முழுக்க அதுதான். போதாததற்கு அதன்மேல் ஊட்டக் கரைசலையும் விடுகிறீர்கள். அதுவும் உப்புக் கரைசலே. சத்து கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: இந்த முறையில் சத்தைக் கொடுப்பது கரைசல், நீரையும் காற்றையும் ஒருசேர வைத்திருப்பது ஊடகம். ஊடகமும் தன் பங்குக்குச் சத்தை விடத் தொடங்கினால் கரைசலின் கணக்கே பிசகிவிடும்.

கறுத்த நிறம் மட்கியதற்குச் சான்றாகாது. குவியலைப் புரட்டி ஈரப்படுத்திய பின் மீண்டும் சூடேறினால் அது இன்னும் மட்கவில்லை. மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சில நூறு பங்கு கார்பன் உண்டு. அதைப் பச்சையாக நிரப்பினால் நுண்ணுயிர்கள் நீங்கள் கொடுக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும், ஊடகமும் நாளடைவில் அமுங்கிக் காற்றிடம் குறையும்.

தென்னை நார்க்கழிவில் இருக்கும் தொல்லை வேறு. தண்ணீரில் அலசினால் கரைந்த உப்பு போகும். நாரைப் பற்றியிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் எளிதில் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, பிறகு அலசினால்தான் அவை இடம்விடும். ஊறவைக்காவிட்டால் நார்க்கழிவு உங்கள் கரைசலின் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தக்காளியில் காயின் அடி கறுக்கும். அதை நோய் என்று எண்ணிப் பூஞ்சைக்கொல்லி தெளிப்பவர்களையும் பார்த்தாயிற்று.

வைக்கோலும் சாணமும் வெளியிலிருந்து வாங்குபவர்கள், அந்த வயலில் என்ன களைக்கொல்லி அடித்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்றவை மாட்டின் வயிற்றையும் மட்குக் குவியலையும் கடந்து வரக்கூடியவை. தக்காளியும் அவரையினமும் மிகச் சிறிய அளவுக்கே இலை சுருண்டுவிடும். இதைக் காட்டும் ஈ.சி. மீட்டர் எதுவும் இல்லை. அவரை விதையைச் சந்தேகத்துக்குரிய மட்கிலும் சுத்தமான ஊடகத்திலும் விதைத்து, இரண்டு மூன்று வாரம் இலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மட்கை ஊடகத்தின் சிறு பகுதியாக மட்டும் வைத்து, மீதியை அலசிய நார்க்கழிவு, உமி, மட்கிய மரப்பட்டை போன்றவற்றால் நிரப்புங்கள். உமி நீரைப் பிடித்துவைக்காது என்று குறை சொல்வார்கள்; காற்றிடம் தருவதற்காகத்தான் அதைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு தொகுதியிலும் ஈ.சி.யையும் பி.எச்.சையும் (அமில-காரத் தன்மையின் அளவு) அளவிடுங்கள், பெரும்பாலான காய்கறிகளுக்கு பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. ஈ.சி.யை எந்த முறையில் அளந்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் ஒரு பங்கு ஊடகத்துக்கு ஒன்றரைப் பங்கு நீர் சேர்த்து எடுத்த அளவும் ஐந்து பங்கு நீர் சேர்த்து எடுத்த அளவும் ஒன்றாகா. ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இதனால் வருபவை. முள்ளங்கி விதையைத் தூவி முளைப்பையும் பாருங்கள், செலவே இல்லாத சோதனை அது.

தயவுசெய்து முதல் பருவத்தில் ஒரே ஒரு வரிசையில் மட்டும் புதிய ஊடகத்தை வையுங்கள், அதன் வடிநீரைத் தவறாமல் அளந்து வாருங்கள். அறுவடை முடிந்ததும், வாடல் நோயோ வேர் முடிச்சுப் புழுவோ தென்பட்ட பையின் ஊடகத்தை அடுத்த பயிருக்கு எடுக்காதீர்கள். குவியல் முழுவதும் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும்படி பலமுறை புரட்டி மட்கச் செய்த பிறகு, அந்தப் பயிரினம் வளராத நிலத்தில் இடுங்கள்.