பேக்கப்பில் வராத கழிவுக் கணக்கு

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் அரிசி ஆலைகளுக்கும் நெல் வாங்குகிற இடங்களுக்கும் மென்பொருள் பார்த்துக் கொடுக்கிறேன். காலபோக அறுவடை தொடங்கினால் இப்படி ஓர் அழைப்பு வராமல் இராது: "தம்பி, புதுக் கணினியில பேக்கப்பை ஏத்தியாச்சு. ஆக்களின்ர பேர், பழைய பில் எல்லாம் கிடக்குது. புதுப் பில்தான் போடேலாமல் இருக்கு."

தரவு வந்திருக்கிறது, கணக்குப் போடும் விதி வரவில்லை. ஈர நெல்லின் எடையில் குறைக்கும் கழிவைப் பல மென்பொருள்களில் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனாக, அதாவது கூப்பிட்டால் கணக்கிட்டு விடை தரும் சிறு நிரலாக, எழுதி வைத்திருப்பார்கள். 14 சதவீத ஈரப்பதனை அளவாக வைத்தால், 18 சதவீதத்தில் வந்த 100 கிலோவுக்கு அது ஈரம் போக மிஞ்சும் 82-ஐ 86-ஆல் (100-இல் 14 போக) வகுத்து, 100-ஆல் பெருக்கி, கழிவு போக 95.35 கிலோ என்று சொல்லும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் பேக்கப் எடுக்கும் டம்ப் கட்டளையைச் சும்மா ஓடவிட்டால், அது அட்டவணைகளையும் அவற்றில் தரவு மாறும்போது தானாக ஓடும் ட்ரிகர்களையும் எடுக்கும். கூப்பிட்டால் மட்டும் ஓடும் புரொசீஜரையும் ஃபங்ஷனையும் எடுக்காது. 'ரூட்டீன்ஸ்' என்ற தெரிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ட்ரிகர் வந்துவிடுகிறபடியால் எல்லாம் வந்துவிட்டதென்று நம்பிவிடுகிறார்கள், அதுதான் வினை.

பழைய கணினியை ஃபோர்மட் பண்ண முதல், தரவுத்தளத்தில் என்னென்ன இருக்கிறதென்று காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் 'ரூட்டீன்ஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு புரொசீஜருக்கும் ஃபங்ஷனுக்கும் ஒரு வரி இருக்கும். உங்கள் தரவுத்தளத்துக்குரிய வரிகளை எண்ணி, புதியதிலும் எண்ணுங்கள். உள்ளே அனுப்பும் மதிப்புகளின் விவரம் 'பாராமீட்டர்ஸ்' என்று தனியாக இருக்கிறது.

ரூட்டீன்ஸில் உள்ள அந்த வரியில் முதலில் பார்க்க வேண்டியது டிஃபைனர், அதாவது அதற்கு உரியதாகக் குறித்திருக்கும் பயனர் கணக்கு. எழுதிக் கொடுத்த பெடியன் எப்பவோ கனடா போயிருப்பான்; அவன் பயன்படுத்திய கணக்கின் பெயர் அங்கே அப்படியே நிற்கும். புதுக் கணினியில் அந்தக் கணக்கு இல்லையென்றால் ஏற்றும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. பில் அடிக்கும்போதுதான் 1449 என்ற பிழை வரும். அவசரத்துக்கு டிஃபைனரை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்காக மாற்றிவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். யாருடைய உரிமையில் ஓட வேண்டும் என்று சொல்லும் செக்யூரிட்டி டைப்பும் டிஃபைனர் என்றே இருந்தால் (மாற்றாவிட்டால் அப்படித்தான் இருக்கும்), பில் போடுகிறவர் கூப்பிட்டாலும் அது ரூட்டின் அதிகாரத்தில் ஓடும். தேவையான உரிமை மட்டும் உள்ள ஒரு கணக்கைத் திறந்து கொடுப்பது பத்து நிமிட வேலை.

"கழிவை இடையில ஆரோ மாத்திப்போட்டாங்கள்" என்ற சண்டைக்கும் இந்த வரியைத்தான் திறப்பேன். மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் கட்டளையால் ஃபங்ஷனின் உள்ளடக்கத்தை மாற்ற முடியாது. அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்க வேண்டும், ஆகவே உருவாக்கிய திகதியே புதிதாகிவிடும். ஆனால் பேக்கப்பிலிருந்து ஏற்றினாலும் ஏற்றிய நாள்தான் அங்கே விழும். யார் மாற்றியது என்பதற்கோ அங்கே இடமே இல்லை. டிஃபைனரில் உள்ள பெயரைக் காட்டி ஒருவரைக் குற்றம் சாட்டுவது அநியாயம். அதனால் ஒவ்வொரு போகத்துக்கு முன்பும் ஃபங்ஷனின் நிரலைக் காட்டும் 'ஷோ கிரியேட்' கட்டளையில் வருவதைத் திகதி போட்டு ஒரு கோப்பில் சேமித்து, முதலாளியிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுவேன்.

சிலவேளை அந்த வரியில் உள்ளடக்கம் வரவேண்டிய இடத்தில் நல் (ஒன்றுமில்லை) என்று நிற்கும். முந்தின ஆள் பூட்டிவிட்டுப் போனான் என்று ஏசாதீர்கள். அனேகமாக நீங்கள் நுழைந்த கணக்குக்கு அதைப் பார்க்கும் உரிமை இராது. 8.0.20 பதிப்பிலிருந்து இதற்கென்றே 'ஷோ ரூட்டீன்' என்ற உரிமை இருக்கிறது. பழைய குறிப்புகளைப் பார்த்து 'மைஎஸ்கியூஎல் டொட் புரொக்' அட்டவணையைத் தேடாதீர்கள், 8.0 உடன் அது போய்விட்டது. மைஎஸ்கியூஎல்லுக்குப் பதிலாக மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் வைத்திருப்பவர்கள் ரூட்டீன்ஸிலிருந்து நகல் எடுக்கவே வேண்டாம். அங்கே 4000 எழுத்தோடு வெட்டுப்படும்; முழுதும் 'சிஸ் டொட் எஸ்கியூஎல் மொடியூல்ஸ்' என்பதில் கிடைக்கும்.