பாஸ்போர்ட் வந்துவிட்டது, இனிக் குழந்தையைக் கவனியுங்கள்

வெளிநாட்டில் வாழும் தம்பதியர் இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்துப் புறப்படும் முன், உடல் பரிசோதனைக்காக என்னிடம் அழைத்து வருவதுண்டு. கையில் தடித்த கோப்பு இருக்கும். மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் தடையின்மைச் சான்றிதழ், மாவட்ட ஆட்சியரின் ஆணை, புதிய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் வரிசையாக இருக்கும். "குழந்தை இரவில் எப்படித் தூங்கும்?" என்று கேட்டால் மட்டும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள், கடைசி நாட்களையும் அலுவலக வாசல்களிலேயே கழிக்கிறார்கள். ஆனால் தொலைந்த சான்றிதழுக்கு நகல் வாங்கிவிடலாம். குழந்தைகள் இல்லத்தில் குழந்தையை வளர்த்த ஆயம்மாவுக்குத் தெரிந்ததை ஊர் திரும்பிய பிறகு யாரிடம் கேட்பீர்கள்?

ஆகவே அரை நாளாவது ஒதுக்கி அவருடன் உட்காருங்கள். கஞ்சியை எவ்வளவு நீர்க்கக் கொடுப்பார், சாதத்தை எப்படிக் குழைப்பார், என்ன சொல்லித் தூங்க வைப்பார், எதைக் கண்டால் குழந்தை பயப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடன் குழந்தை இருக்கும் படம் ஒன்றை, இல்லத்தின் அனுமதியோடு, எடுத்து வையுங்கள். குழந்தை புழங்கிய போர்வையைக் கேட்டு வாங்குங்கள்; துவைத்துவிடாதீர்கள், அந்த வாசனை வேண்டும். பால்பொடியை உடனே மாற்ற வேண்டாம். சில வாரங்களுக்குத் தேவையானதைக் கொண்டுபோய், அங்குள்ளதைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள்.

விளக்கு எரியும் கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு படுத்துப் பழகிய குழந்தை அது. அழகாக அலங்கரித்த தனி அறையின் இருட்டு அதற்கு அச்சம் தரும். முதல் சில மாதங்கள் உங்கள் அறையிலேயே படுக்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "ஆயம்மாவைத் தேடி ஓயாமல் அழுகிறது, எங்களைப் பிடிக்கவில்லையோ" என்று கலங்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். ஒருவரிடம் உயிராக ஒட்டியிருந்த குழந்தைதான் அப்படி அழும். அந்தப் பாசம் பழகியிருப்பதால் உங்களிடமும் அது ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கவலை தருவது, யார் தூக்கினாலும் போகும், எதற்கும் அழாத குழந்தைதான். "எவ்வளவு சமர்த்து" என்று மகிழ்ந்து விட்டுவிடாதீர்கள். அது பயத்தில் உறைந்திருக்கலாம். முதல் வாரங்களில் உணவூட்டுவதும் குளிப்பாட்டுவதும் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள்; உறவினர் விருந்தெல்லாம் பிறகு.

மருத்துவத்துக்கு வருகிறேன். நம் குழந்தைகள் பலருக்கு முதுகிலும் பிட்டத்திலும் நீலச்சாம்பல் நிறத் திட்டு இருக்கும். பிறவியிலேயே வருவது, தீங்கற்றது. அதைப் பார்த்துப் பழகாத ஊரில் அடிபட்ட கன்றல் என்று சந்தேகிக்கக்கூடும். புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டி, இடத்தையும் அளவையும் எழுதி வாங்குங்கள். இடது தோளில் உள்ள பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்; பிசிஜி போட்ட குழந்தைக்குத் தோலில் செய்யும் காசநோய்ச் சோதனை குழப்பம் தரலாம். தடுப்பூசி அட்டையின் மூலப்பிரதி கைப்பையில் இருக்கட்டும்.

அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு, 2 வயது நிறைந்த குழந்தைக்கு இங்கே காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்வார்கள். நோய் உறுதியானால் சிகிச்சைக்காகப் பயணம் மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். முடிவு வரும்வரை மாற்ற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

விமானம் இறங்கத் தொடங்கும்போது பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுங்கள், காதுவலி குறையும். ஊர் சேர்ந்த இரண்டு வாரங்களுக்குள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, குடற்புழு, பார்வை, செவித்திறன் ஆகியவற்றுடன் ஹெபடைடிஸ் பி, எச்ஐவி சோதனைகளையும், இங்கே செய்திருந்தாலும், மீண்டும் செய்யச் சொல்லுங்கள்.

திரும்பிய பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு, குழந்தை எப்படி இருக்கிறது என்று சமூகப் பணியாளர் பார்த்து எழுதும் தொடர் அறிக்கைகள் உண்டு. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று. வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளரிடம் எல்லாம் நலம் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். குழந்தை உணவை ஒளித்து வைக்கிறது, இரவெல்லாம் விழித்திருக்கிறது என்றால் அதையே சொல்லுங்கள். முதல் அறிக்கையிலேயே தெரிந்தால் உதவி சீக்கிரம் கிடைக்கும்.