ஹீட்டருக்குள் பொரிவது என்ன?

குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளிலிருந்து வாட்டர் ஹீட்டர் பழுது என்று அழைப்பவர்கள் அடிக்கடி சொல்வது: "தம்பி, ஸ்விட்சைப் போட்டால் உள்ளே என்னவோ பொரிகிறது." பொரிவது தண்ணீர்தான். தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் ஏறிய உப்புப் படிவுக்குள் சிக்கிய தண்ணீர் அங்கேயே கொதித்து வெடிக்கும் சத்தம் அது.

முக்கடல் அணைத் தண்ணீர் வரும் நாகர்கோவில் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. போர் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் வீடுகளில்தான் அதிகம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறியதும் கரையாத கார்பனேட்டாக மாறிப் படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் படிவு வேகமெடுக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மைக்கு, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகளுக்கு, ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தக் கணக்கில் வருகிறது என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

"தினமும்தான் சுடுதண்ணீர் திறக்கிறோமே, அழுக்கு அதிலேயே போய்விடாதா?" என்று கேட்பார்கள். போகாது. சுவரில் செங்குத்தாக மாட்டும் ஹீட்டரில் இரண்டு குழாய்களும் அடியில்தான் தெரியும். ஆனால் சுடுதண்ணீர்க் குழாய் உள்ளே தொட்டியின் உச்சிவரை நீண்டிருக்கிறது. மேலே உள்ள தண்ணீரை மட்டுமே எடுக்கும். அடியில் கிடப்பது எத்தனை வருடமானாலும் அங்கேயே கிடக்கும். தண்ணீர் வந்த வழியாகத்தான் அதை வெளியேற்ற வேண்டும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர் முழுவதும் ஆறட்டும். இரவு அணைத்துவிட்டுக் காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது. உள்ளே வரும் தண்ணீரை அடைத்து, பாத்ரூமில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். அந்த வழியாகக் காற்று போனால்தான் தொட்டி காலியாகும். தண்ணீர் உள்ளே வரும், நீல அடையாளம் உள்ள பக்கத்தில் ஹோஸை மட்டும் கழற்றிவிட்டு, தண்ணீர் வரவில்லையே என்று பலர் விழிப்பார்கள். ஹோஸுக்கு மேலே இருக்கும் சேஃப்டி வால்வு, தண்ணீரைத் திரும்பிவர விடாது. வால்வையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். அடியில் வடிகால் அடைப்பான் உள்ள மாடலாக இருந்தால் இந்தப் பாடு இல்லை.

முதல் வாளி பெரும்பாலும் தெளிவாகவே வரும். கடைசியில்தான் முட்டை ஓட்டை நொறுக்கியதுபோல் வெள்ளைச் சில்லுகள் விழும். ஹோஸைத் திரும்ப மாட்டி, கொஞ்சம் தண்ணீர் ஏற்றி, மறுபடியும் வடியுங்கள். தெளியும்வரை இப்படிச் செய்யலாம். அரை அங்குல வழியில் வராத பெரிய பாளங்களுக்கு, அடித்தட்டைத் திறந்து காயிலை வெளியே எடுக்க வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை உள்ளே ஊற்றும் வித்தையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உப்போடு சேர்த்துத் தொட்டியையும் அது தின்றுவிடும். அடித்தட்டைத் திறக்கும்போதே மெக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்த கம்பி அது. கரைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

போர் தண்ணீர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குழாய்த் தண்ணீர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை வடித்தால் போதும்.

தண்ணீர் சூடாகும்போது சேஃப்டி வால்வு சொட்டினால் அது பழுதல்ல. விரியும் தண்ணீருக்கு அதுதான் வழி. ஒரு வீட்டில் அந்தத் துளையில் ஆணியை அறைந்து அடைத்திருந்தார்கள். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒரே நாளில் கைவிட்டால் அந்தத் தொட்டி வெடிகுண்டுதான். ஹீட்டரைப் போட்டதும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. விழுகிறது என்று அதையே நீக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுப்பதும் இதே ரகம். காயில் உறை வெடித்துத் தண்ணீரில் மின்சாரம் கசிவதால்தான் பெரும்பாலும் அது விழுகிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டைப் பூட்டிப் போகும்போது ஹீட்டரையும் வடித்துவிட்டுப் போகலாம். மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீர் அழுகிய முட்டை வாடை அடிக்கும். கிறிஸ்துமஸுக்கு வந்து இறங்கியதும் தொட்டியை நிரப்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். வெறும் தொட்டியில் காயில் சில நிமிடங்களிலேயே எரிந்துவிடும்.