பேரலில் ஒட்டிய ஈயத்தைச் செம்புத் தோட்டாவால் விரட்டாதீர்கள்

ராயபுரத்திலிருந்து இன்னொரு துப்பாக்கிப் பேரல் வந்திருக்கிறது. உள்ளே கண்ணாடி மாதிரி மின்னுகிறது. "நல்லாத்தானண்ணா கீது?" என்று கேட்கிறார்கள். அந்த மினுமினுப்பே ஈயம்தான். பிரஷ்ஷை நாலு தடவை ஓட்டினால் வெள்ளைத் துணியில் சாம்பல் நிறச் செதில் செதிலாக உதிர்கிறது.

.22 பிஸ்டலிலும் .32 ரிவால்வரிலும் ஈயத் தோட்டா சாதாரணம். க்ளாக் போன்ற பிஸ்டல்களின் பலகோண ரைஃபிளிங் (குண்டைச் சுழலவிடும் பேரலின் உள்முறுக்கு) வேறு. செம்பு உறையில்லாத ஈயக் குண்டு வேண்டாம் என்று கம்பெனி கையேடே எச்சரிக்கிறது. "ஃபிரண்டு ஐந்நூறு ரவுண்டு அடிச்சான், ஒண்ணும் ஆகல" என்பது பதிலாகாது. அவர் குண்டின் அளவும் கடினமும் உங்கள் குண்டுக்கு இருக்கிறதா?

இனி என்னை வதைக்கும் நம்பிக்கை: "கடைசியில் ரெண்டு செம்பு உறைத் தோட்டா அடிச்சா ஈயம் வெளிய வந்துடும்." வராது! கொஞ்சம் உதிரும், மீதி, இஸ்திரி போட்டதுபோல் ரைஃபிளிங் பள்ளத்தில் அழுந்திவிடும். ஈயம் படிந்த துளை ஏற்கெனவே குறுகியிருக்கிறது. ஈயக் குண்டாவது நசுங்கி வழிவிடும், செம்பு உறை அவ்வளவு எளிதில் விடாது. அழுத்தம் எகிறும். தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்தால் வாயு உங்கள் கைப்பக்கம்தான் பாயும். தயவுசெய்து முதலில் பேரலைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு செம்புத் தோட்டா போடுங்கள்.

ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) பக்கம் என்றால் பெரும்பாலும் குண்டு ஒல்லி. பள்ளத்தின் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது தடித்திருக்க வேண்டும். வாய்ப்பக்கம் என்றால் குண்டில் பூசிய மெழுகு வழியிலேயே தீர்ந்திருக்கிறது.

துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய பிரஷ்ஷில் பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைச் சுற்றி, முழு நீளமும் ஓட்டுங்கள், நடுவில் திருப்பாதீர்கள். நாரைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, பேரலைக் கீறிவிடும். வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற்றவே ஊற்றாதீர்கள். ஈயம் கரைந்து விஷ உப்பாகும், எஃகையும் அரிக்கும்.

காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரக்காரர்கள் அன்றைக்கே எண்ணெய் தடவுங்கள். ஈயத்துக்கு அடியில் உப்புக்காற்றின் ஈரம் புகுந்தால் துரு கண்ணில் படாமலே வளரும்.

துடைத்த துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். டீ குடிக்கும் முன் சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுக் கை கழுவுங்கள். சுடும் ரேஞ்சுக்குப் போட்ட சட்டையைத் தனியாகத் துவையுங்கள். அதோடு குழந்தையை மட்டும் தூக்காதீர்கள்.