எம்.சி. எடுத்த நாளில் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. 38.6 பாகை காய்ச்சல். டாக்டர் இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்துவிட்டார். படுத்தால் கண் மூடவில்லையாம். "லைன்ல ஆள் குறைவா இருக்குமே, சூப்பர்வைசர் என்ன நினைப்பாரோ, என் வேலையையும் மத்தவங்க சேர்த்துப் பார்க்கிறாங்களேன்னு ஒரே படபடப்பு. இது என் குணமா, காய்ச்சலோட வேலையா?"

இரண்டும் கலந்ததுதான். ஆனால் காய்ச்சலின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

கிருமி உள்ளே வந்ததும் வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பது பள்ளியில் படித்த பாடம். அப்போது அவை சைட்டோகைன் என்னும் புரதங்களை வெளியிடுகின்றன. இண்டர்லூகின்-1, இண்டர்லூகின்-6 இரண்டும் இவற்றில் முக்கியமானவை. இவை மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்களைத் தூண்ட, அங்கே புரோஸ்டகிளாண்டின் ஈ2 என்னும் வேதிப்பொருள் உருவாகி, மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் குறித்து வைத்திருக்கும் வெப்ப அளவை 37-லிருந்து 39-க்கு ஏற்றிவிடுகிறது. அந்தப் புதிய அளவுக்கு 37 பாகை என்பது குளிர். அதனால்தான் வெயிலிலும் நடுங்குகிறோம். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உடம்பு 39-ஐ எட்டுகிறது. பெனடோல் (பாராசிட்டமால் மாத்திரை) அந்தப் புரோஸ்டகிளாண்டினைக் குறைத்து அளவைக் கீழே இறக்கும். கிருமியை அது தொடுவதில்லை.

"நல்லா வேர்த்தா காய்ச்சல் ஓடிடும்" என்று காய்ச்சலோடு செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் தோட்டங்களில் இன்றும் உண்டு. வேர்வை காய்ச்சலை விரட்டுவதில்லை. குறித்த அளவு இறங்கிய பிறகு, மிச்சமான வெப்பத்தைக் கொட்டுவதற்காக உடம்பு வேர்க்கிறது. அளவு இறங்காமல் வெயிலில் வேலை செய்து வேர்த்தால் நீரிழப்புதான் மிஞ்சும்.

காய்ச்சலுக்குச் செலவு அதிகம். வெப்பம் 1 பாகை ஏறினால் உடம்பின் ஆற்றல் தேவை ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். அவ்வளவு செலவழித்துப் பயன் உண்டா? 1975-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மேத்யூ குளூகர் பாலைவனப் பல்லிகளில் சோதித்தார். பல்லிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கத் தெரியாது. ஆனால் நோய் வந்த பல்லி வெப்பமான இடமாகப் பார்த்துப் போய் உட்காரும். அப்படிப் போக விடாமல் குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. சூட்டில் இருந்தவை கூடுதலாகப் பிழைத்தன.

இனி வருவதுதான் இதில் மிக அழகான பகுதி. வயிற்றிலும் மார்பிலும் பரவியிருக்கும் வேகஸ் நரம்பு, சைட்டோகைன் வந்திருக்கும் செய்தியை மூளைத் தண்டுக்கு எடுத்துச் செல்கிறது. எலியின் வயிற்றுப் பகுதியில் இந்த நரம்பை வெட்டிவிட்டு வயிற்றுக்குள் இண்டர்லூகின்-1 செலுத்திப் பார்த்தார்கள். முழு நரம்பு உள்ள எலி மூலையில் சுருண்டு, மற்ற எலிகளைக் கண்டுகொள்ளாது. நரம்பு வெட்டப்பட்ட எலியிடம் அந்தச் சுணக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. அப்படியானால் அசதி, தசை தளர்ந்ததால் வருவது மட்டுமில்லை. மூளை செய்தியைப் படித்துவிட்டு, "இன்று நடமாடாதே, சாப்பாடு தேடாதே, யாரையும் பார்க்காதே" என்று போடும் உத்தரவு அது. மிச்சப்படும் ஆற்றல் காய்ச்சலுக்குப் போகிறது. பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை அறிவியலாளர் 1988-இல் இதை விளக்கி எழுதினார்: நோயுற்ற விலங்கு முடங்கிக் கிடப்பது, அது பிழைப்பதற்காகவே உருவான நடத்தை.

அந்த உத்தரவில் மனநிலையும் அடங்கும். 2001-இல் மியூனிக்கில் நல்ல உடல்நலமுள்ள 20 ஆண்களுக்குப் பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள நச்சை மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்தினார்கள். எந்த நாளில் நச்சு, எந்த நாளில் வெறும் உப்பு நீர் என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. நச்சு சென்ற நாளில் உடல் வெப்பம் அரைப் பாகைதான் ஏறியது. நோயாளி போல யாரும் உணரவில்லை. ஆனாலும் பதற்றமும் சோர்ந்த மனநிலையும் அளக்கக்கூடிய அளவுக்குக் கூடின, நினைவாற்றல் குறைந்தது. காரணம் ஏதும் இல்லாமல், இரத்தத்தில் சைட்டோகைன் ஏறியதற்கே மனம் கலங்கியது.

இந்தக் கலக்கத்துக்கு உருவம் கொடுப்பது நம் வாழ்க்கை. காய்ச்சல் 1 பாகை ஏறினால் இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். நெஞ்சு அடித்துக்கொள்வதை உணர்ந்த மூளை காரணம் தேடுகிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவருக்கு அந்தக் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்ச் செக்ரோலில் (வருகைப் பதிவேடு) பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு அது. படுத்துக்கிடப்பது குற்றம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. ரசாயனம் பதற்றத்தைத் தருகிறது. குடும்ப நினைவு அதற்கு "குற்ற உணர்ச்சி" என்று பெயர் வைக்கிறது. ஆகவே உடம்பு வலியை எப்படி எடுத்துக்கொள்கிறோமோ அப்படியே இதையும் நோய்க்குறியாக எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்ய அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

நம் வழக்கத்திலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை தொங்கும். யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், படுத்திருப்பவரும் கூச மாட்டார். ஆத்தா வந்தாள் என்பதை நான் ஏற்கவில்லை, காரணம் வைரஸ். மருந்து கொடுக்காமல் இருப்பதும் தவறு. ஆனால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை நீர்க்கொளுவான் (சின்னம்மை) தொற்றும் என்பதால், அந்த ஓய்வும் ஒதுக்கமும் மிகச் சரி. அந்த மரியாதை சாதாரணக் காய்ச்சலுக்கும் கிடைக்க வேண்டும். நாள் சம்பளக்காரரின் உடல்நிலையும் மனநிலையும் சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்று ஆராய நம் பல்கலைக்கழகங்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மியூனிக் ஆண்களை வைத்தே எல்லாவற்றையும் கணிக்க முடியாது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவுப்படி, 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். 2023 முதல் அது தனிக் கணக்கு. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ செய்யாவிட்டால், கையில் எம்.சி. இருந்தாலும் அனுமதியின்றி வராததாகவே கருதப்படும். பலர் சறுக்குவது இங்கேதான். கிளினிக்கில் தரும் டைம் ஸ்லிப், அங்கிருந்த நேரத்துக்கு மட்டுமே சான்று, அது எம்.சி. ஆகாது.

எனவே ஷிப்டு தொடங்குமுன் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரே செய்தி: "வணக்கம் அண்ணே, காய்ச்சல் 38.6. இன்னைக்கும் நாளைக்கும் எம்.சி. புதன்கிழமை வந்துடுவேன்." எம்.சி.யின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்று முறை மன்னிப்புக் கேட்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் பதில் வந்ததா என்று பார்க்கத் தோன்றும். பார்த்ததும் ஒரு நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிதான் மறுபடி பார்க்கப் பழக்குகிறது. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை பார்த்தால் போதும்.

படபடப்பு கூடினால் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். மூச்சு வெளியே போகும்போது வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று மெதுவாக்கும். காய்ச்சல் இருக்கும்வரை துடிப்பு வழக்கமான அளவுக்கு இறங்காது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பெனடோல் 500 மில்லிகிராம் என்றால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1 அல்லது 2, குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் கல்லீரல் பாதிக்கப்படும். இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனால் காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. தொழிற்சாலை வேனில் பக்கத்தில் உட்காருபவருக்கு அது போய்ச் சேரும்.

டெங்கி உள்ள ஊரில் குற்ற உணர்ச்சி இன்னொரு ஆபத்தையும் இழுத்து வரும். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான், பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள், நுண்குழாய்களிலிருந்து இரத்த நீர் கசியத் தொடங்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு, போயிடலாம்" என்று தோன்றும் நாளும் அதுவே. அன்று கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேலைக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம். காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் எம்.சி. தாளின் பின்புறம் எழுதி வையுங்கள். இன்று எத்தனையாவது நாள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.