இறால் தலை ஏன் கறுக்கிறது?

பினாங்கில் வெயில் ஏறிய பிறகு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் இறாலை வாங்குமுன் தலையைத்தான் பார்ப்பார்கள். ஐஸ் குறைந்த தட்டில் கிடக்கும் இறாலுக்குத் தலையோரம் முதலில் கறுக்கும். பிறகு கால்கள், வால் நுனி, ஓட்டின் மடிப்புகள் என்று கறுப்பு பரவும். அழுகல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கறுப்பை உண்டாக்குவது கிருமி அல்ல, இறாலின் இரத்தத்திலும் ஓட்டிலும் உள்ள நொதிகள். உயிரோடிருந்தபோது காயத்தை அடைக்கவும் கிருமியைக் கொல்லவும் உதவிய ஓர் ஏற்பாடு, செத்த பிறகு கட்டுப்படுத்த ஆளில்லாமல் ஓடுகிறது.

இரத்தம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். இறால், நண்டு, நத்தை, கொசு போன்றவற்றின் உடலில் இருப்பது ஹீமோலிம்ஃப். நமக்கு இரத்தம் வேறு, திசுக்களுக்கு நடுவே இருக்கும் நீர் வேறு. இவற்றுக்கு இரண்டும் ஒன்றே. முதுகுப் பக்கமுள்ள இதயம் தள்ளும் திரவம் கொஞ்ச தூரம் குழாயில் போய், அப்புறம் உடலின் உள்வெளியில் கொட்டிவிடும். குடலும் தசையும் அதில் நனைந்தபடியே இருக்கும். பிறகு இதயத்துக்குத் திரும்பிவரும். செலவு குறைந்த அமைப்புதான், ஆனால் ஓட்டில் ஓர் ஓட்டை விழுந்தால் உள்ளிருப்பது கசிந்துபோகும், உள்ளே நுழையும் கிருமிக்கும் எல்லா உறுப்புகளும் நேர்வழி. அதனால் அடைப்பதும் கொல்வதும் உடனுக்குடன் நடந்தாக வேண்டும்.

பூச்சிகளுக்குக் காற்றுக் குழாய்களே ஆக்ஸிஜனை நேராகத் திசுவுக்குக் கொண்டுபோவதால், பெரும்பாலானவற்றின் ஹீமோலிம்ஃபுக்கு அந்த வேலை இல்லை. நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். கொசுவை அடித்ததும் சுவரில் தெரியும் சிவப்பு நம்முடையது. இறாலும் நண்டும் ஹீமோசயனின் என்ற புரதத்தை நம்பியிருக்கின்றன. நம் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிற இடத்தில் இதில் செம்பு. ஆக்ஸிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் நிறமில்லை. நம் ஊர் கெராங் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஆக்ஸிஜன் குறைந்த சேற்றில் வாழும் அந்தச் சிப்பிக்கு நிஜமாகவே ஹீமோகுளோபின் உண்டு, அதுவும் சிவப்பு அணுக்களுக்குள். அரைவேக்காட்டுக் கெராங் போட்ட சார் குவே தியாவ் நூடுல்ஸில் கசியும் சிவப்பு அதுதான். (நன்றாக வெந்ததைச் சாப்பிடுவதே நல்லது, கெராங் வழியாக ஹெப்படைட்டிஸ் ஏ பரவும்.)

ஹீமோலிம்ஃபில் மிதக்கும் செல்களுக்கு ஹீமோசைட் என்று பெயர். கிருமி சிறியதென்றால் ஒரு செல்லே விழுங்கிவிடும். நட்சத்திர மீனின் இளம் உயிரியில் முள்ளைக் குத்திவைத்து, அதைச் செல்கள் சூழ்ந்துகொள்வதை 1882இல் உயிரியலாளர் மெக்னிகாஃப் பார்த்தார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்குப் பின்னால் இந்தக் கவனிப்பு இருக்கிறது. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய ஒட்டுண்ணி என்றால், செல்கள் அடுக்கடுக்காக ஒட்டி அதை மூடிவிடும்.

இனி கறுப்புக்கு வருவோம். இறாலின் ஹீமோசைட்டுகளில் ஒரு நொதி உறங்கும் நிலையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. பூஞ்சையின் செல் சுவரோ பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கோ தட்டுப்பட்டால், நொதிகள் ஒன்றையொன்று வெட்டிக் கிளப்பிவிட, கடைசியில் ஃபீனால்ஆக்ஸிடேஸ் விழித்துக்கொள்ளும். அது ஃபீனால் வகைப் பொருள்களைக் குயினோன்களாக்கும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்பு மெலனின் ஆகும். மெலனின் காயத்தை அடைத்துக் கிருமியைச் சிறைவைக்கும், குயினோன்கள் அதற்கு நஞ்சாகும். சொந்தத் திசுவுக்கும் அவை நஞ்சுதான் என்பதால், உயிருள்ள இறால் இந்த நொதியை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கும். செத்த பிறகு தலைக்குள் உள்ள செரிமானச் சுரப்பியின் நொதிகள் கசிந்து அந்தப் பூட்டை உடைத்துவிடுகின்றன; கறுப்பு தலையில் தொடங்குவது அதனால்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், ஆக்ஸிஜன் சுமந்த ஹீமோசயனினே இந்த நிலையில் ஃபீனால்ஆக்ஸிடேஸ் போல வேலை செய்யும் என்பது. ஐஸ் இதைத் தாமதப்படுத்தும், கொதிநீர் நிறுத்திவிடும். சிலர் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்குவார்கள்; ஆஸ்துமாக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இறால், கொசு போன்றவற்றுக்கு ஆன்டிபாடி, அதாவது ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம், கிடையாது. நாம் போட்டுக்கொள்வது போன்ற தடுப்பூசி இறாலுக்குக் கைகொடுக்காததற்கு அதுவே காரணம். செபராங் பிறைப் பக்கத்து இறால் குளங்களில் வெண்புள்ளி வைரஸ் வந்தால், முன்பே நோய் கண்டு பிழைத்த கூட்டம் என்ற ஒன்றை நம்பி இருக்க முடியாது. அந்த வைரஸ் தாக்கிய இறாலின் ஹீமோலிம்ஃபைச் சிரிஞ்சில் எடுத்தால் சீக்கிரம் உறையாது. டிங்கிக் கொசுவின் கதை வேறு. குடித்த இரத்தத்திலுள்ள வைரஸ் குடலைக் கடந்து, ஹீமோலிம்ஃப் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர 8 முதல் 12 நாள் ஆகும். கொசுவின் செல்கள் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவைத் துண்டு போட்டு எதிர்க்கும், ஆனால் ஒழிப்பதில்லை. கொசுவும் அதற்காக நோயில் விழுவதில்லை, நமக்குத்தான் கஷ்டம்.

சேற்றுக் கரையில் பெலாங்காஸ் பார்த்திருப்பீர்கள், குதிரைலாட நண்டு. அதன் நீல இரத்தத்தில் உள்ள செல்களில் ஃபாக்டர் சி என்ற நொதி இருக்கிறது. சிலவகைப் பாக்டீரியாக்களின் மேலுறை நஞ்சான எண்டோடாக்ஸின் தொட்டதும் அது கிளம்பும். அடுத்தடுத்த நொதிகள் வழியாகச் சுற்றியுள்ள திரவம் ஜெல்லாக இறுகிவிடும். 1956இல் ஃபிரெடரிக் பேங் இந்த உறைதலை அமெரிக்க இனத்தில் கவனித்தார். பிறகு ஜாக் லெவினுடன் சேர்ந்து அதைச் சோதனையாக்கினார். அதற்கு முன் மருந்தை முயலுக்கு ஊசி போட்டு, காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். இன்றும் ஊசிமருந்துகளில் எண்டோடாக்ஸின் இருக்கிறதா என்று பார்க்க நண்டுகளைப் பிடித்து இரத்தம் எடுக்கிறார்கள். நம் கரைகளில் வாழும் சதுப்புநில பெலாங்காஸின் ஃபாக்டர் சி மரபணுவை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜீக் லிங், ஹோ பாவ் இருவரும் பிரித்தெடுத்தார்கள். நண்டின் இரத்தம் எடுக்காமல் அந்த நொதியைப் பூச்சிச் செல்களில் உற்பத்தி செய்யும் வழி அதிலிருந்து பிறந்தது. 2021 முதல் ஐரோப்பிய மருந்து விதிநூல் எண்டோடாக்ஸின் சோதனைக்கு அந்த நொதியை ஏற்றுக்கொண்டிருக்கிறது.